பன்னிரண்டாவது ஆட்டம்

பேஸ்பால் ஆட்டத்தின் கடைசியான ஏழாவது இன்னிங்ஸ் தொடங்கியபோது பிலோமினாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷப்படக் கூடாது என்று தெரிந்தும் இருந்தது. தங்கை ஜெனோவா மூன்று தடவை மட்டையோடு வந்து போய்விட்டாள், ஒன்றும் அடிக்கவில்லை. முதல் தடவை உயரத் தூக்கிக் கொடுத்தாள், நடுவில் நின்ற பெண் இடத்தை விட்டு நகராமலே பிடித்தாள். இரண்டாவது தடவை மூன்று வீச்சும் காற்றில். மூன்றாவது தடவை பந்து போடுகிறவள் குறி தவறி நாலு பந்தை வெளியே போட்டதால் சும்மா நடந்து, அடித்தவள் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்குப் போனாள், அது கணக்கில் சேராது. தார்ப்பாய்ப் பந்தலுக்குக் கீழே, ஒரு கால் ஆடும் மேசையில், பிலோமினா எழுதும் ஸ்கோர் புத்தகத்தில் ஜெனோவா பெயருக்கு எதிரே மூன்று கட்டங்கள் நிரம்பியிருந்தன, நாலாவது கட்டம் வெள்ளையாக இருந்தது. அந்த வெள்ளைக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க அடிவயிற்றில் ஏதோ இளகியது, பக்கத்து வீட்டில் ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி சட்டென்று நின்றால் வருமே, அந்த நிம்மதி. வெயில் ஏறிவிட்டது. காலை ஆறு மணிப் பூசைக்குப் போய்விட்டு நேரே மைதானத்துக்கு வந்தது, இன்னும் வெறும் வயிறு. நற்கருணை வாங்கிய நாக்கு, அந்த நாக்கால்தான் இப்போது மனசுக்குள், அடிக்காதே, அடிக்காதே, என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். லீக் செயலாளர் வரதராஜுலு பக்கத்து நாற்காலியில் மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, காலடியில் ஒரு காகிதப் பையும் வைத்திருந்தார். பைக்குள் மாம்பழ நிறத்தில் ஒரு பொன்னாடை. வந்தவுடனே காட்டினார். "மேடம், நேத்தே வாங்கிட்டேன். உங்க தங்கச்சி இன்னைக்கு ரெக்கார்டு போட்டா நீங்களே போர்த்தணும். அக்கா ரெக்கார்டைத் தங்கச்சி உடைக்கிறா, அக்கா கையால பொன்னாடை. பேப்பர்ல போட்டோ வரும்." பிலோமினா சிரித்தாள். சிரிப்பதற்கு அவளுக்கு வாய் தனியாகப் பழகியிருந்தது.

ஊர் ஜனங்களுக்கு இது இன்னமும் கட்டை ஆட்டம்தான். திண்டுக்கல்லில் பெண்கள் பேஸ்பால் லீக் ஒன்று இருக்கிறது, பன்னிரண்டு அணிகள் இருக்கின்றன, ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆடுகிறார்கள் என்பது ஆடுகிறவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டுமே தெரிந்த செய்தி. ஆனால் தெரிந்தவர்களுக்கு பிலோமினாவைத் தெரியும். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சீசன் முழுக்க, பதினொரு ஆட்டத்திலும், ஆட்டத்துக்கு ஒரு ஹிட்டாவது அடித்தவள். பதினொன்றுக்குப் பதினொன்று. அதற்கப்புறம் யாரும் ஒன்பதைத் தாண்டவில்லை. இப்போது ஜெனோவா போன சீசனின் கடைசி ஏழு ஆட்டத்திலும் அடித்திருக்கிறாள், இந்த சீசனில் நாலு ஆட்டத்திலும் அடித்துவிட்டாள், ஏழும் நாலும் பதினொன்று, இன்றைக்கு அடித்தால் பன்னிரண்டு. ஏழும் நாலும் கூட்டலாமா என்பதுதான் கேள்வி. புதன்கிழமை சாயங்காலம் அதற்கென்றே கமிட்டி கூடியது. தவமணி மாஸ்டர் கூடாது என்றார், இன்றைக்கு எதிரணியின் கோச் அவர்தான். "சீசன் முடிஞ்சா முடிஞ்சதுங்க. நடுவுல ஒன்பது மாசம் மட்டையையே தொடல. கல்யாண வீட்டுக்குப் போனா, தின்னா, நல்லாத் தூங்கினா. அப்புறம் வந்து, நான் விடாம அடிக்கிறேன்னா என்ன அர்த்தம்? போன வருஷப் பந்தியில சாப்பிட்டதை இந்த வருஷ இலையில எண்ணுறதா?" வரதராஜுலு விடவில்லை. "மாஸ்டர், நம்ம லீக்ல வருஷத்துக்கே பதினொரு மேட்ச். சேர்க்கக் கூடாதுன்னா பதினொண்ணுக்கு மேல ஒருத்தரும் போகவே முடியாது. மேடம் ரெக்கார்டு சாகாவரம் வாங்கினதாயிரும். அது மத்த பிள்ளைகளுக்கு நியாயமா?" அவர் சொல்லி முடித்ததும் எல்லோரும் பிலோமினாவைப் பார்த்தார்கள். சேர்க்கக் கூடாது என்று சொன்னால் பொறாமை. அவள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "தொடரட்டும் சார்," என்றாள். எல்லோருக்கும் கண் கலங்கினாற்போல் ஆகிவிட்டது. என்ன மனசு மேடம் உங்களுக்கு, என்றார் ஒருவர். அவர்களுக்குத் தெரியாதது ஒன்று அப்போது அவள் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சீசன் தாண்டியும் தொடரும் என்றால், நடுவில் எத்தனை மாதம் ஆடாமல் இருந்தாலும் அறுந்துபோகாது என்றால், அவளுடையது எப்போது அறுந்தது? அடிக்காமல் திரும்பிய ஆட்டம் ஒன்று வேண்டுமே. அப்படி ஒன்று இல்லை. பதினொன்றாவது ஆட்டத்தில் அடித்தாள், அதற்கப்புறம் ஆடவே இல்லை. அப்படியானால் அது இன்னும் நடந்துகொண்டுதான் இருக்கிறது, பன்னிரண்டு வருஷமாக, அவள் பள்ளிக்கூட ஆபீசில் மாற்றுச் சான்றிதழ் எழுதும்போதும், காய் வாங்கும்போதும், பல் தேய்க்கும்போதும். ஒன்பது மாதம் சும்மா இருந்த ஜெனோவாவுக்கு உண்டென்றால் தனக்கு மட்டும் ஏன் இல்லை? இதை யாரிடமும் சொல்ல முடியாது. சொன்னால் சிரிப்பார்கள், அல்லது சிரிக்காமல் பார்ப்பார்கள், அது இன்னும் மோசம்.

முதல் ஆள் அவுட். புத்தகத்தில் குறித்தாள், பென்சிலில். ஆட்டம் முடிந்தபிறகு பேனாவால் மேலெழுதி, இரண்டு கோச்சுகளிடமும் கையெழுத்து வாங்குவது அவள் வழக்கம். அடுத்து ஒருத்தி, அதற்கடுத்து ஜெனோவா. அடுத்து ஆடப் போகிறவள் நிற்கும் வட்டத்துக்குள் நின்று மட்டையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள். கணுக்கால் தடித்துவிட்டது, கல்யாணத்துக்கப்புறம் போட்ட சதை, சாக்ஸுக்கு மேலே பிதுங்குகிறது. கணவன் கிளமெண்ட் வேப்பமரத்தடியில் குடையோடும் சாப்பாட்டுக் கேரியரோடும் நிற்கிறான். மனைவி விளையாடுவதைப் பார்க்க வெயிலில் நிற்கிற கணவன். பிலோமினாவுக்கும் ஒருவன் பேசி முடிவானான், காலைப் பார்த்துவிட்டுப் போனவன் திரும்பவில்லை. அவன் முகம்கூட ஞாபகமில்லை, சட்டைப்பையில் இருந்த இரண்டு பேனாதான் ஞாபகம். கால். ஜூலை மாதம், வத்தலக்குண்டு ரோடு, சித்தி வீட்டிலிருந்து வருகிற வழி. "நான் ஓட்டுறேன்க்கா, கொஞ்ச தூரம், அந்தப் பாலம் வரைக்கும்." பதினேழு வயசு, லைசென்ஸ் இல்லை. ஸ்கூட்டியைக் கொடுத்தாள். ஏன் கொடுத்தாள்? கெஞ்சினாள், கொடுத்தாள், அவ்வளவுதான், அதில் ஒன்றும் இல்லை, ஆனால் பன்னிரண்டு வருஷமாக அந்த இடத்தில் வந்து நின்றுகொண்டே இருக்கிறாள், சாவியைக் கொடுக்கிற இடத்தில். பாலம் வந்தது. ஜெனோவா நிறுத்தவில்லை. ரோட்டில் மணல், எதிரே சைக்கிளில் ஒரு பெரியவர், கேரியரில் புல்லுக்கட்டு. பெரியவருக்குக் கை ஒடிந்தது. பிலோமினாவின் இடது முட்டி, வண்டிக்கும் மைல்கல்லுக்கும் நடுவே. ஜெனோவாவுக்கு முழங்கையில் ஒரு சிராய்ப்பு, அவ்வளவுதான், ஒரே ஒரு சிராய்ப்பு, மஞ்சள் வைத்தால் போகிற சிராய்ப்பு. போலீஸ்காரர் குனிந்து, யாரும்மா வண்டி ஓட்டினது, என்றார். ஜெனோவா ரோட்டோரத்தில் நின்று அக்காவைப் பார்த்தாள். வாய் திறந்திருந்தது. ஜெனோவா மாநில ஜூனியர் அணிக்குத் தேர்வாகியிருந்த நேரம், கேஸ் ஆனால் எல்லாம் போச்சு. பிலோமினா தரையில் கிடந்தபடி, "நான்," என்றாள். ஒரு நெடிலும் ஒரு மெய்யும். அதற்கப்புறம் அதைப் பற்றி அவளும் பேசவில்லை, ஜெனோவாவும் பேசவில்லை. ஜெனோவாவின் கல்யாணத்தில் பேசவில்லை. அப்பா சாகும்போது பேசவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள், பாவம், தானே ஓட்டிப்போய்த் தானே கெடுத்துக்கிட்டா, என்று சொல்லும்போது பிலோமினா உதட்டை மடித்துக்கொண்டு தலையாட்டினாள். ஒரு நாள் விடாமல். யாராவது எண்ணியிருந்தால் அதுதான் பெரிய ரெக்கார்டு.

ஒரு நாள் விடாமல் காத்தாள் என்றாலும் பிலோமினா சும்மா இருந்துவிடவில்லை. ஜெனோவா பார்க்கும்போது கொஞ்சம் கூடுதலாக நொண்டுவாள். முதலில் தெரியாமல் வந்தது, அப்புறம் தெரிந்தே. ஜெனோவா தலை திரும்பினால் முட்டி தானாகவே வளைந்து கொடுக்கும். படிக்கட்டில் நின்று ஒரு மூச்சு விடுவாள், வேறொன்றும் சொல்ல மாட்டாள், ஜெனோவாவின் முகத்தில் ரத்தம் வற்றுவதைப் பார்த்துவிட்டு அடுத்த படியில் கால் வைப்பாள். மதுரை டாக்டர் இன்னொரு ஆபரேஷன் செய்தால் முக்கால்வாசி சரியாகிவிடும் என்றார். ஜெனோவா கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். "வேண்டாம்டி, போனது போகட்டும்," என்றாள் பிலோமினா, மிக மென்மையாக. எத்தனை மென்மையாகச் சொன்னாளோ அத்தனை ஆழமாகப் போய் இறங்கியது. காலைச் சரிசெய்துகொண்டால் கையில் என்ன இருக்கும்? ஸ்கோரர் வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் அதற்காகத்தான் என்று சிலசமயம் தோன்றும், ஜெனோவா ஆடுகிற ஒவ்வொரு ஆட்டத்திலும் எதிரே உட்கார்ந்திருக்க. சிலசமயம் அப்படித் தோன்றாது. ஆட்டம் பிடிக்கும், கட்டங்கள் பிடிக்கும், பன்னிரண்டு வருஷத்தில் அவள் எழுதியதில் ஒரு புள்ளி தப்பு என்று யாரும் சொன்னதில்லை.

இரண்டாவது ஆளும் அவுட். ஜெனோவா மட்டையோடு வந்தாள், வழக்கம்போலப் பந்தலைத் திரும்பிப் பார்த்தாள். பிலோமினா தலையைக் குனிந்துகொண்டாள். முதல் பந்து வெளியே. இரண்டாவதை விட்டாள், அம்பயர் கையைத் தூக்கினார். மூன்றாவதை அடித்தாள். மட்டையில் பட்ட சத்தமே சரியில்லை, ஓட்டைப் பானையைத் தட்டினாற்போல ஒரு சத்தம், பந்து தரையோடு உருண்டு, இரண்டாவது பேஸுக்கும் மூன்றாவது பேஸுக்கும் நடுவே நின்ற ஒல்லிப் பெண்ணிடம் நேராகப் போனது. வேகமும் இல்லை, எகிறலும் இல்லை. அந்தப் பெண் குனிந்தாள், பந்து கையுறைக்குள் போனது, போனதை பிலோமினா கண்ணால் பார்த்தாள், போய், வெளியே வந்து, காலடியில் விழுந்தது. அவள் பதறி எடுத்து எறிவதற்குள் ஜெனோவா முதல் பேஸை மிதித்துவிட்டாள்.

இனி சொல்ல வேண்டியது பிலோமினா. எதிரணி தப்புச் செய்யாமலே ஓடிப் பேஸை அடைந்தால் அது ஹிட். பிடித்திருக்க வேண்டிய பந்தை நழுவவிட்டதால் அடைந்தால் அது எர்ரர், அடித்தவளுக்கு ஒன்றும் கிடையாது. அம்பயருக்கு அதில் வேலை இல்லை. ஸ்கோரர் ஒரு விரலைத் தூக்கினால் ஹிட், முஷ்டியைக் காட்டினால் எர்ரர். மைதானம் மொத்தமும் பந்தலைத் திரும்பிப் பார்த்தது, நாற்பது ஐம்பது பேர் இருப்பார்கள், நாய் ஒன்றும் பார்த்தது. எர்ரர். சந்தேகமே இல்லை. கை தானாக முஷ்டியாக மடங்கிவிட்டது மேசைக்குக் கீழே, தூக்க வேண்டியதுதான் பாக்கி. ஆனால் முஷ்டி மடங்கியபோது நெஞ்சில் ஒரு குதூகலம் துள்ளியதே, அது என்ன? நியாயமா அது? நியாயத்துக்கு எப்போது இத்தனை இனிப்பு? முஷ்டியைக் காட்டினால் தவமணி மாஸ்டர் தலையாட்டுவார், சரி. வரதராஜுலு பையை நாற்காலிக்கடியில் தள்ளுவார். அக்கா நேர்மையானவள் என்று பாதிப்பேர், அக்காவுக்கு வயித்தெரிச்சல் என்று பாதிப்பேர். ஜெனோவா? வருவாள், அக்கா சரியாத்தான் போட்டே என்பாள், அடுத்த ஞாயிறு முதல் ஒன்றிலிருந்து தொடங்குவாள், சாப்பிடுவாள், தூங்குவாள். அவளுக்கு ஒன்றும் வலிக்காது. ஒரு சிராய்ப்பு. மஞ்சள் வைத்தால் போகும். மறுபடி ஒரு சிராய்ப்புதானா? அப்போதுதான் இன்னொரு எண்ணம் வந்தது, பின்கழுத்தில் எறும்பு ஊர்கிறாற்போல. ஹிட் கொடுத்தால்? பொய் ஹிட். எல்லோரும் பார்த்த பந்து. பன்னிரண்டு என்று எழுதி, மைக்கில் சொல்லி, பொன்னாடையும் போர்த்தினால்? அது தன்னுடையது அல்ல என்று ஜெனோவாவுக்குத் தெரியும். யார் கை குலுக்கினாலும் தெரியும். பதிமூன்று அடித்தாலும் பதினாலு அடித்தாலும் நடுவில் இந்த ஓட்டைப் பந்து கிடக்கும், அக்காவின் பென்சில் கிடக்கும். அக்கா தூக்கிக் கொடுத்தது. ஆயுசுக்கும் அதைக் காலில் கட்டிக்கொண்டு நொண்டட்டும். பிலோமினாவுக்கு வாயில் எச்சில் ஊறியது. கையை மேசைக்கு மேலே கொண்டுவந்து, சுட்டுவிரலை, ஒரே ஒரு விரலை, நன்றாக எல்லோருக்கும் தெரிகிற மாதிரித் தூக்கினாள்.

ஜெனோவா முதல் பேஸின் மேல் நின்று குதித்தாள். இரண்டு கையையும் தலைக்குமேல் தட்டினாள். மைக் கரகரத்தது, "தொடர்ந்து பன்னிரண்டாவது ஆட்டம், புதிய சாதனை," வரதராஜுலுவின் குரல் தழுதழுத்தது. வேப்பமரத்தடியில் கிளமெண்ட் குடையை ஆட்டினான். பந்தைத் தவறவிட்ட ஒல்லிப் பெண்கூடத் தப்பு தன் பேரில் ஏறாமல் போனதற்கு மூச்சு விட்டாள். பிலோமினா ஜெனோவாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே, அந்த முகத்தில் அது எங்கே, அந்த ரத்தம் வற்றுதல். இல்லை. பல் தெரிந்தது. பல் மட்டுமே தெரிந்தது. தவமணி மாஸ்டர் வேட்டி தடுக்கத் தடுக்கப் பந்தலுக்கு வந்தார். "மேடம், கண்ணு நல்லாத்தானே இருக்கு? எங்க வீட்டுச் சட்டியில விழுந்திருந்தாக்கூட அந்தப் பந்து நின்னிருக்கும். அதைப்போய் ஹிட்டுன்னு போடுறீங்க?"

"ஸ்கோரர் முடிவுதான் மாஸ்டர் முடிவு."

அவர் ஏதோ பெரிதாகச் சொல்ல வந்தவர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி நடந்தார். போகும்போது, "சரிங்க. தங்கச்சி," என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல்லைத் தூசி தட்டுகிறாற்போலச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக் கட்டங்களும் அந்த ஒரு சொல்லில் போய்விட்டன, புத்தகம் புத்தகமாக, அலமாரி அலமாரியாக. பிலோமினா இதை யோசித்திருக்கவில்லை. தங்கைக்கு நொண்டல் வைக்கப் போய், மறுபடியும் முட்டி போனது பிலோமினாவுக்குத்தான். அடுத்து ஆடியவள் மேலே தூக்கிக் கொடுத்தாள், பிடித்துவிட்டார்கள், ஆட்டம் முடிந்தது. ஜெனோவாவின் அணி ஒரு ரன்னில் தோற்றது. ஜெனோவா அதற்காக ஒரு நொடிகூட முகம் வாடவில்லை, ஓடி வந்தாள், வழியிலேயே வரதராஜுலு பொன்னாடையைப் பிரித்துவிட்டார், அக்கா எழுந்து போர்த்தும்வரை பொறுக்காமல் அவரே அவள் தோளில் போட்டுவிட்டார், மாம்பழ நிறத்தோடு அவள் பிலோமினாவை வந்து கட்டிக்கொண்டாள். வேர்வையும் புழுதியும். "எனக்குத் தெரியும்க்கா. நீ என்னைக் கைவிட மாட்டே."

"அது எர்ரர்டி," என்றாள் பிலோமினா காதோரம்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா இந்தச் சிரிப்புச் சிரிக்கிறே?"

"பின்னே அழுவாங்களா? நீதான் போட்டுட்டியே. புக்குல ஹிட்டுன்னா ஹிட்டு." விலகி நின்று மூக்கைத் துடைத்தாள். எத்தனை லேசாக வாங்கிக்கொள்கிறாள். சாவியை வாங்கிக்கொண்ட மாதிரி, அந்த 'நான்' என்கிற சொல்லை வாங்கிக்கொண்ட மாதிரி, கொடுக்கிறவர்கள் கொடுப்பார்கள் என்று. கிளமெண்ட் குடையை விரித்தபடி வந்தான், பிலோமினாவின் தலைக்கு மேலே பிடித்தான். "ரொம்ப தேங்க்ஸ்க்கா," என்றான். அந்த நன்றிதான். அவன் தேங்க்ஸ் சொல்லாமல் இருந்திருந்தால் அந்த வார்த்தை வெளியே வந்திருக்காது. எத்தனையோ தடவை அதைச் சொல்வதாக மனசுக்குள் ஒத்திகை பார்த்திருக்கிறாள், கல்யாண மேடையில், கோவில் வாசலில், கத்தி, அழுது, கிசுகிசுத்து. வந்தபோது பஸ் நேரம் சொல்கிற குரலில் வந்தது.

"தம்பி, உங்களுக்கு ஒண்ணு தெரியாது. அன்னைக்கு வத்தலக்குண்டு ரோட்டுல வண்டி ஓட்டினது நான் இல்ல. இவ."

கிளமெண்ட் ஜெனோவாவைப் பார்த்தான். ஜெனோவா தரையைப் பார்த்தாள். குடை கொஞ்சம் சாய்ந்து வெயில் முகத்தில் விழுந்தது. பிலோமினா காத்திருந்தாள்.

"அது தெரியுமேக்கா," என்றான் கிளமெண்ட்.

"என்ன தெரியும்?"

"பொண்ணு பார்த்துட்டுப் போன மறுவாரமே கூப்பிட்டுச் சொல்லிட்டா. எங்கம்மாவுக்கும் தெரியும். நீங்க அதைப் பத்திப் பேச விரும்ப மாட்டீங்க, யாரும் கேட்டுரக் கூடாதுன்னு இவதான் சத்தியம் வாங்கினா."

"அப்பாகிட்டயும் சொல்லிட்டேன்க்கா," என்றாள் ஜெனோவா, இன்னும் தரையைப் பார்த்தபடி. "அப்பா ஆஸ்பத்திரியில இருக்கும்போது. அம்மாவும் இருந்தாங்க. அப்பா, அவளாச் சொல்ற வரைக்கும் விட்ருங்க, அவளுக்குன்னு அது ஒண்ணுதான் இருக்குன்னார்."

அது ஒண்ணுதான் இருக்கு. அப்பா சொன்னது. கண் மஞ்சளாக, கட்டிலில், அவர் வாயில் கரண்டியால் கஞ்சி ஊட்டினாளே, ஊட்டும்போதெல்லாம், அப்பாவுக்குத் தெரியாமலே போய்விடுமே என்று ஒரு பெருமையோடு ஊட்டினாளே, அந்தப் பெருமையையும் சேர்த்துத்தான் அவர் முழுங்கியிருக்கிறார். எப்போதிலிருந்து? அப்பா போய் எட்டு வருஷம். அப்படியானால் கிறிஸ்துமஸ் விருந்துகளில் அவள் உதட்டை மடித்துக்கொண்டபோது சுற்றி உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் தெரிந்தவர்கள். பாவம், தானே ஓட்டிப்போய், என்று சொன்ன சித்தி தெரிந்துதான் சொன்னாளா, அவள் முகம் என்ன ஆகிறது பார்ப்போம் என்று சொன்னாளா. படிக்கட்டில் நின்று விட்ட மூச்சு. கூடுதல் நொண்டல். ஐயோ, அதையும் பார்த்திருப்பார்களா, யாருமில்லாத அடுப்படியில் அவள் நேராக நடந்ததை எந்தக் கதவிடுக்கில் எந்தக் கண் பார்த்தது, பார்த்துவிட்டுத் தங்களுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், விட்ருங்க, அவளுக்குன்னு அது ஒண்ணுதான். ஒரு நாள் விடாமல் காத்தது எப்போதோ முடிந்துபோய், முடிந்தது தெரியாமல் அவள் மட்டும் தனியே எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள், ஒரு பைத்தியம் மாதிரி, மைதானம் காலியானபிறகு. வெயில் கண்ணுக்குள் மஞ்சளும் கறுப்புமாகப் பொட்டுப் பொட்டாக வெடித்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். கைக்குப் பக்கத்தில் புத்தகம் திறந்திருந்தது. நாலாவது கட்டத்தில் ஹிட்டுக்கான ஹெச் என்ற ஆங்கில எழுத்து, பென்சிலில், இன்னும் பேனா ஏறவில்லை.

"மாஸ்டர்," என்று கூப்பிட்டாள். குரல் உரக்க வந்தது. "கொஞ்சம் இங்க வாங்க. ஒண்ணு திருத்தணும்."

ரப்பரை எடுத்தாள். வரதராஜுலு பதறினார். "மேடம், மைக்கில சொல்லியாச்சு. பொன்னாடை போட்டாச்சு."

"மறுபடி சொல்லுங்க. எர்ரர்."

"அக்கா, வேணாம்," என்றாள் ஜெனோவா.

"நீதானேடி சொன்னே எர்ரர்னு?"

"அக்கா. ப்ளீஸ்."

அழித்தாள். அவசரமில்லாமல், காகிதம் கசங்காமல், துகளை ஊதிவிட்டு, எர்ரருக்கான ஈ என்ற ஆங்கில எழுத்தையும் பக்கத்தில் ஒல்லிப் பெண்ணின் இடத்துக்கான ஆறையும் எழுதினாள். பேனாவால் எழுதினாள். நிமிர்ந்து பார்த்தபோது ஜெனோவாவின் முகத்தில் அவள் தேடியது வந்திருந்தது. இருபத்தொன்பது வயசுப் பெண் மைதானத்தின் நடுவே கீழுதடு பிதுங்க, சத்தமில்லாமல், பிள்ளை மாதிரி அழுதாள். ஹிட்டுக்காக அழுதாளா, வேறெதற்காகவா, தெரியவில்லை. பிலோமினா அந்த முகத்தை ஆற அமரப் பார்த்தாள், தாகத்துக்குத் தண்ணீர் குடிக்கிறாற்போல. குடித்துக்கொண்டே இருந்தாள், தாகம் அப்படியே இருந்தது. மைக் கரகரத்துத் திருத்தம் சொன்னது, யாரோ கூட்டத்தில், அடப்பாவமே, என்றார்கள். தவமணி மாஸ்டர் கையெழுத்துப் போட்டார். அவர் கேட்டதுதான் கிடைத்தது, இருந்தும் அவர் பிலோமினாவின் பக்கம் திரும்பவில்லை. "முதல்லயே போட்டிருக்கலாம்ல," என்றார், புத்தகத்திடம் சொல்கிற மாதிரி. "போர்த்தினதுக்கப்புறமா பிடுங்குவாங்க. பாவம் அந்தப் பிள்ளை." ஜெனோவா பொன்னாடையைத் தோளிலிருந்து எடுத்து, மூலைக்கு மூலை சேர்த்து மடித்து, வரதராஜுலுவிடம் நீட்டினாள். அவர் வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அவள் அதை மேசை ஓரத்தில், புத்தகத்தில் படாமல் வைத்தாள்.

கிளமெண்டின் ஆம்னி வேனில்தான் திரும்பினார்கள். வேறு விதமாகப் போக பிலோமினாவுக்கு வழி இல்லை. கிளமெண்ட் கதவைத் திறந்துவிட்டான், அவள் காலை உள்ளே எடுத்து வைக்கும்வரை காத்திருந்தான். ஜெனோவா முன்னால் அவன் பக்கத்தில் உட்காருவாள் என்று நினைத்தாள். பின்னால்தான் வந்து உட்கார்ந்தாள், எப்போதும் போல அக்கா பக்கத்தில், நடுவில் கையுறையை வைத்துக்கொண்டு. பேகம்பூர் தாண்டும்வரை விசும்பல் கேட்டது. லெவல் கிராசிங்கில் கேட் மூடியிருந்தது, கிளமெண்ட் என்ஜினை அணைத்தான், ரயில் வருவதாகத் தெரியவில்லை. வெயிலும் பசியும் அழுகையும் சேர்ந்து அடித்துப்போட, ஜெனோவா கண்ணசந்தாள். தலை முதலில் ஜன்னல் பக்கம் சாய்ந்தது, அப்புறம் ஆடி ஆடி இந்தப் பக்கம் வந்து, பிலோமினாவின் தோளில் விழுந்து தங்கியது. சூடான தலை, முடியெல்லாம் மைதானத்து மண். தோள் மரத்துக்கொண்டு வந்தது. பிலோமினா அசையவில்லை. மூச்சைக்கூடப் பாதிப் பாதியாக விட்டாள். அசைந்தால் எழுந்துவிடுவாள். எழுந்தால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பரவாயில்லக்கா, என்பாள்.